பொதுச்சுவர்: மதீனாவும் குத்தம்பாக்கமும்

ஓர் ஊரைப் புதிதாகச் சமைப்போர் சாலைக்கும் வடிகாலுக்கும் முன்னரே விடை காண வேண்டிய வினா ஒன்றுண்டு: யார் எவருக்கு அண்டையில் வாழ்வது? இஸ்லாமிய வரலாற்றில் இவ்வினா மதீனாவில் எழுந்தது. கி.பி. 622இல் அங்குக் குடியேறிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வெயிலில் உலர்த்திய மண்கல்லும் பேரீச்ச மரமும் கொண்டு பள்ளிவாசலை எழுப்பினார்கள். தாமும் கல் சுமந்தார்கள். அத்துடன் மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களையும் மதீனாவின் அன்ஸார்களையும் இருவர் இருவராக இணைத்துச் சகோதரர்களாக்கினார்கள். 'முஆகாத்' எனப்படும் இவ்வேற்பாட்டில் தம்முடன் இணைக்கப்பட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவரோ கடைத்தெருவுக்கு வழி காட்டினால் போதும் என்றார். கொடுப்பவரின் பெருந்தன்மையும் பெறுபவரின் தன்மானமும் ஒருங்கே காக்கப்பட்டதை இங்குக் காண்கிறோம்.

இதே வினாவை நம் காலத்தில் எதிர்கொண்ட ஊர், பூவிருந்தவல்லிக்கு மேற்கே, திருமழிசையை அடுத்துள்ள குத்தம்பாக்கம். தமிழகத்தின் பிற ஊர்களைப் போன்றே அங்கும் ஊரும் சேரியும் பிரிந்தே கிடந்தன. அவ்வூரின் தலித் குடும்பமொன்றில் பிறந்து, வேதிப்பொறியியல் கற்று, அறிவியல் ஆய்வுப் பணியில் இருந்த இரங்கசாமி இளங்கோ, அப்பணியைத் துறந்து ஊர் திரும்பினார். 1996இல் ஊராட்சித் தலைவரானார். 2001இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு 2006 வரை பொறுப்பு வகித்தார். அவர் கட்டடக் கலைஞர் அல்லர்; எனினும் ஓர் ஊரின் கட்டமைப்பையே மாற்றியமைக்கும் பணி அவருடையதாயிற்று.

அப்பணி எளிதாக இருக்கவில்லை. அருகிலிருந்த தொழிற்கூடம் கழித்த கருங்கற்களைக் கொண்டு செலவைக் குறைத்துக் கழிவுநீர்க் கால்வாய் அமைத்தார். வரையறுத்த திட்டத்தினின்று விலகினார் என்று பதவியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார். ஊர்மக்கள் கிராம சபையில் அவர் பக்கம் நின்றனர். அவர் மீண்டும் பொறுப்பேற்றார்.

தமிழக அரசு 1997இல் பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டத்தை அறிவித்தது. பல சாதியினரை ஒரே குடியிருப்பில் அமர்த்தும் திட்டம் அது. குத்தம்பாக்கத்தில் இது மேலும் ஒரு படி சென்றது. நூறு குடும்பங்களுக்கு ஐம்பது இரட்டை வீடுகள் எழுந்தன. ஒவ்வோர் இணையிலும் ஒரு தலித் குடும்பம். மறுபுறம் தலித் அல்லாத குடும்பம். இரண்டுக்கும் இடையே பொதுச்சுவர் ஒன்றே. உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கற்கள் கட்டுமானத்திற்குப் பயன்பட்டன.

மதீனாவை முன்மாதிரியாகக் கொண்டு இவ்வீடுகள் எழுந்தன என நாம் கூறவில்லை. ஆயினும் சமத்துவம் என்னும் பொதுச்சொல்லை இன்னாருக்கு இன்னார் என்று வகுத்து, அன்றாட வாழ்வில் நிறுத்திய முறை இரண்டிற்கும் பொதுவானது. வேறுபாடும் உண்டு. முஆகாத் ஈமானால் பிணைந்தோரிடையே அமைந்தது. குத்தம்பாக்கத்தில் அரசின் ஒதுக்கீடு இணைத்தது. சுவரைக் கட்டித் தருவது திட்டத்தால் இயலும். அச்சுவரின் இருபுறமும் உணவும் துயரும் பகிரப்படுவது அங்கு வாழ்வோரின் கையில் உள்ளது.

இன்று சென்னை மாநகர் மேற்கு நோக்கி விரிகிறது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் புறநகர்ப் பேருந்து முனையத்திற்குத் தேர்ந்த இடமும் குத்தம்பாக்கமே. பேருந்து முனையத்தைப் பின்தொடர்ந்து வீட்டுமனைகளும் அடுக்ககங்களும் வரும். அவற்றில் எவருக்கு இடம் என்னும் வினாவும் எழும். பெயரைக் கேட்டதும் வாடகை வீடு மறுக்கப்படும் வேதனையை நம் சமுதாயத்தார் நன்கறிவர். அவ்வேதனையை அறிந்த நாம், நம் மனைகளை விற்கும்போதும் நம் வீடுகளை வாடகைக்கு விடும்போதும் பிறரிடம் அதே கேள்வியைக் கேட்கலாமா? தொழுகை அணியில் தோளோடு தோள் நிற்கக் கற்ற சமுதாயம், தெருவிலும் அவ்வாறே வாழக் கடமைப்பட்டுள்ளது.