தாம்பரம் வட்டாரத்தில் பெருந்தொற்றுக் காலத் தொழிலிடப் பாதுகாப்பு

பெருந்தொற்றுக் காலத் தொழிலிடப் பாதுகாப்பு என்பது, ஒரு தொற்றுநோய் பரவலாக இருக்கும் காலத்தில், வீட்டிலிருந்தபடி செய்ய இயலாத பணிகளில் ஈடுபடுவோரை அப்பணியின் வழியாக நோய் தொற்றாமல் காக்கும் ஏற்பாடுகளைக் குறிக்கும். மருத்துவம், தூய்மைப் பணி, மின்சாரம், குடிநீர், போக்குவரத்து, பால், காய்கறி, மருந்து விற்பனை முதலியவை நின்றுவிட்டால் நகர வாழ்க்கையே நின்றுவிடும். ஆகவே இவற்றைச் செய்வோர் இன்றியமையாப் பணியாளர் எனப்படுகின்றனர். தமிழ்நாட்டில் கோவிட்-19 பெருந்தொற்றின்போது முன்களப் பணியாளர் என்ற சொல் பரவலாக வழங்கியது. எனினும் இவ்விரு சொற்களும் ஒரே பொருள் உடையவை அல்ல. முன்களப் பணியாளர் என அரசு அறிவித்த பட்டியலில் இடம்பெறாத இன்றியமையாப் பணியாளர் பலர் இருந்தனர். காப்பீடு, தடுப்பூசி, இழப்பீடு ஆகியவற்றில் இந்த வேறுபாடு முதன்மையானதாக அமைந்தது.

இக்கட்டுரை சென்னையின் தென்புறநகர்ப் பகுதியான தாம்பரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது.

வட்டாரம்

தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் புறநகர் இருப்புப்பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் இதனூடாகச் செல்கின்றன. அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, தேசிய சித்த மருத்துவ நிறுவனம், 1984 இல் தொடங்கப்பட்ட மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் ஆகிய மூன்றும் தாம்பரம் சானடோரியம் பகுதியில் அமைந்துள்ளன. தெற்கே வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா உள்ளது.

பெருந்தொற்று தொடங்கியபோது தாம்பரம் மாநகராட்சி உருவாகியிருக்கவில்லை. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் தனித்தனியே இயங்கின. இவை 2021 நவம்பரில் ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்டன. எனவே முதல் இரண்டு அலைகளின்போது அடுத்தடுத்த தெருக்களைத் தூய்மை செய்த பணியாளர்கள் வெவ்வேறு உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் இருந்தனர்.

வரலாற்றுப் பின்னணி

காற்றின் வழியே பரவும் நோயுடன் பணிபுரிவது தாம்பரத்துக்குப் புதிதன்று. காசநோயாளிகளுக்கான நலவாழ்வு மனை ஒன்றை 1928 ஆம் ஆண்டில் மருத்துவர் டேவிட் சௌரி முத்து இங்கு நிறுவினார். அரசு 1937 இல் அதனை ஏற்றுக்கொண்டது. அதுவே இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை ஆகும். அருகிலுள்ள தொடர்வண்டி நிலையமும் சானடோரியம் என்றே பெயர் பெற்றது.

காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில் திறந்தவெளி, வெயில், ஓய்வு, நல்லுணவு ஆகியவையே சிகிச்சையாகக் கருதப்பட்டன. அதனால் இத்தகைய மனைகள் நகர நெரிசலுக்கு வெளியே, மரங்கள் அடர்ந்த பரந்த நிலத்தில், காற்றோட்டமான கூடங்களுடன் கட்டப்பட்டன. நோயாளியின் நலனுக்காகச் செய்யப்பட்ட இந்த அமைப்பு, அங்குப் பணிபுரிந்தோருக்கும் காப்பாக அமைந்தது. நோய்க்கிருமி கலந்த காற்று ஓரிடத்தில் தேங்காமல் கலைந்து போவதே இதற்குக் காரணம்.

1993 முதல் இம்மருத்துவமனை எச்.ஐ.வி. தொற்றுள்ளோரையும் சேர்த்துக்கொண்டது. அந்நோயாளிகளைத் தொடவே பலர் அஞ்சிய காலம் அது. எச்.ஐ.வி. சிகிச்சையில் பின்பற்றப்படும் பொதுக் காப்பு முறையின்படி, எந்த நோயாளியின் குருதியும் தொற்றுடையதாக இருக்கலாம் எனக் கொண்டு எல்லோருக்கும் ஒரே வகையான முன்னெச்சரிக்கை மேற்கொள்ளப்படும். ஊசி குத்திய பணியாளருக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கி 28 நாட்கள் கொடுக்கப்படும். பணியாளரைக் காப்பதற்கு நோயாளியை ஒதுக்க வேண்டியதில்லை என்பதே இம்முறையின் அடிப்படை.

நோய் பரவும் வழியும் காப்புப் படிநிலையும்

கோவிட்-19 பரவலை உலக சுகாதார அமைப்பு 2020 மார்ச் 11 அன்று பெருந்தொற்று என அழைத்தது. தொடக்கத்தில் இருமல், தும்மலின் பெருந்துளிகளும் கிருமி படிந்த பரப்புகளுமே முதன்மை வழிகளாகக் கருதப்பட்டன. ஆகவே பணியிடங்களில் கைகழுவுதல், கிருமிநாசினி தெளித்தல், உடல்வெப்பம் பார்த்தல் ஆகியவற்றுக்கே அதிக கவனம் கிடைத்தது. மூடிய இடங்களில் நுண்துளிகள் காற்றில் மிதந்து பரவுவதன் முக்கியத்துவம் 2021 அளவில்தான் பரவலாக ஏற்கப்பட்டது.

தொழிலிடப் பாதுகாப்பில் காப்பு முறைகள் பயன் மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்தப்படுகின்றன:

• ஆபத்தை நீக்குதல்: நோயுற்றவர் ஊதிய இழப்பின்றி வீட்டிலிருக்க விடுப்பு அளித்தல்.
• பொறியியல் முறை: சன்னல்களைத் திறத்தல், காற்றோட்டம், இடைவெளி, தடுப்புகள்.
• நிருவாக முறை: முறைப்பணிகளைப் பிரித்தல், உணவு இடைவேளையை மாற்றியமைத்தல், பயிற்சி, தடுப்பூசி.
• தனிநபர் காப்பு: முகக்கவசம், கையுறை, கவச உடை.

முகக்கவசம் இவ்வரிசையில் இறுதியில் வருகிறது. மற்றவை அனைத்தும் நிறுவனத்தின் பொறுப்பு. முகக்கவசம் மட்டும் பணியாளரின் ஒழுக்கத்தைச் சார்ந்ததாக மாறிவிடுகிறது. நடைமுறையில் பல பணியிடங்களில் இவ்வரிசை தலைகீழாகி, கடைசிக் காப்பே ஒரே காப்பாக இருந்தது.

காற்றோட்டம் குறித்து உலக சுகாதார அமைப்பு 2009 இல் வெளியிட்ட வழிகாட்டி, காற்றுவழி நோயுள்ள அறைகளில் இயற்கைக் காற்றோட்டம் ஒரு நோயாளிக்கு நொடிக்குச் சராசரியாக 160 லிட்டர் இருக்க வேண்டும் எனக் கூறுகிறது. எதிரெதிர்ச் சன்னல்கள் உள்ள உயரமான பழைய கூடங்களில் இதனை எய்துவது எளிது. குளிர்சாதன வசதிக்காக மூடப்பட்ட அறைகளில் அரிது.

துறைவாரியான நடைமுறைகள்

மருத்துவமனைகள்

என்-95 வகை முகக்கவசம் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை வடிகட்டக்கூடியது. ஆனால் அது முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் இப்பயன் கிட்டும். வியர்வையில் நனைந்தாலும் தாடியால் இடைவெளி ஏற்பட்டாலும் பயன் குறையும். காற்றுப் புகாத கவச உடை அணிந்தவர் பணிநேரம் முடியும்வரை நீர் அருந்தவோ கழிவறை செல்லவோ இயலாது. சென்னைக் கோடையில் இது பணியாளரின் உடல்நலத்துக்கே ஊறு விளைவிப்பது. கவச உடையை அணிவதைவிடக் கழற்றும்போதுதான் தொற்று ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்பதால், அணியும் இடமும் கழற்றும் இடமும் தனித்தனியே இருத்தல் வேண்டும்.

அரசு 2020 மார்ச்சில் நலப் பணியாளர்கள் ஐட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை முன்தடுப்பாக உட்கொள்ளப் பரிந்துரைத்தது. பின்னர் நடந்த ஆய்வுகளில் அதனால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் கபசுரக் குடிநீர் பணியாளர்களுக்கும் பொதுமக்களுக்கும் பெருமளவில் வழங்கப்பட்டது. இவை எவையும் காற்றோட்டத்துக்கோ முகக்கவசத்துக்கோ மாற்றாகா.

தூய்மைப் பணி

தொற்றுள்ளோர் வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டபோது, அவர்கள் பயன்படுத்திய பொருட்கள் வீட்டுக் குப்பையோடு சேர்ந்தன. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மார்ச்சில் இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. தொற்றுள்ள வீடுகளின் மருத்துவக் கழிவு மஞ்சள் பைகளில் தனியே சேகரிக்கப்பட வேண்டும். பிற வீடுகளில் பயன்படுத்திய முகக்கவசங்களைக் காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருந்த பின்னரே குப்பையில் சேர்க்க வேண்டும் எனப் பின்னர் கூறப்பட்டது. இந்நெறிமுறைகளின் பயன் குப்பை அள்ளுவோரின் கையில் இல்லை. குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் வீட்டாரின் கையில் உள்ளது. பிரிக்கப்படாத குப்பையை மீண்டும் கையால் பிரிக்க நேர்ந்தவர் தூய்மைப் பணியாளரே.

தொழிற்சாலைகள்

உள்துறை அமைச்சகத்தின் 2020 ஏப்ரல் 15 ஆணை, இயங்க அனுமதிக்கப்பட்ட தொழிலிடங்களுக்குச் சில விதிகளை வகுத்தது. முறைப்பணிகளுக்கிடையே ஒரு மணி நேர இடைவெளி, தொழிலாளரை ஏற்றிச்செல்லும் வண்டிகளில் 30 முதல் 40 விழுக்காடு இருக்கைகளே நிரப்புதல், தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீடு ஆகியவை அவற்றுள் சில. ஏற்றுமதி வளாகங்களில் உள்ள ஆடை, மின்னணுப் பிரிவுகள் போன்ற மூடிய கூடங்களில் அடுத்தடுத்து அமர்ந்து செய்யும் வேலையில் இடைவெளி விடுவது, உற்பத்தி வரிசையையே மாற்றியமைப்பதாகும்.

போக்குவரத்து

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. புறநகர்த் தொடர்வண்டிகள் நின்றன. ஆனால் புறநகரில் குடியிருந்து நகருக்குள் பணிபுரிந்த செவிலியரும் தூய்மைப் பணியாளரும் நாள்தோறும் செல்ல வேண்டியிருந்தது. மாநகரப் பேருந்துகளில் சில அவர்களுக்காக இயக்கப்பட்டன. பொதுப் பேருந்துப் போக்குவரத்து சென்னையில் 2020 செப்டம்பர் 1 அன்று மீண்டும் தொடங்கியது. இன்றியமையாப் பணியாளர்கள் புறநகர்த் தொடர்வண்டிகளில் செல்ல அக்டோபரில் இசைவு வழங்கப்பட்டது. பணியிடத்துக்குச் செல்லும் பயணமும் தொழிலிடப் பாதுகாப்பின் ஒரு பகுதியே என்பதை இக்காலம் உணர்த்தியது.

வண்டலூர் உயிரியல் பூங்கா

ஊரடங்கிலும் விலங்குகளுக்கு உணவளித்தாக வேண்டும் என்பதால் பூங்காப் பணியாளர்கள் தொடர்ந்து பணியாற்றினர். 2021 ஜூன் தொடக்கத்தில் இப்பூங்காவின் சிங்கங்களிடையே கோவிட்-19 தொற்று கண்டறியப்பட்டது. நீலா என்ற பெண் சிங்கம் ஜூன் 3 அன்றும், பத்மநாதன் என்ற ஆண் சிங்கம் சில நாட்களுக்குப் பின்னரும் இறந்தன. சில சிங்கங்களிடம் இருந்தது டெல்டா வகை என மரபணு ஆய்வில் தெரியவந்தது. மனிதரிடமிருந்து விலங்குக்கும் நோய் செல்லக்கூடும் என்பதால், இங்குப் பணியாளரின் முகக்கவசம் விலங்கையும் காக்கும் கருவியாகியது.

தடுப்பூசி முன்னுரிமை

இந்தியாவில் தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று நலப் பணியாளர்களுக்குத் தொடங்கியது. காவலர், உள்ளாட்சிப் பணியாளர் முதலிய முன்களப் பணியாளருக்குப் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து செலுத்தப்பட்டது. பால் விற்போர், கடைப் பணியாளர், உணவு கொண்டு சேர்ப்போர் ஆகியோர் இப்பட்டியலில் இல்லை. அவர்கள் வயது வரிசைப்படி காத்திருந்தனர். இரண்டாம் அலை உச்சத்திலிருந்த 2021 மே மாதத்தில்தான், தமிழ்நாடு அரசு 18 முதல் 44 வயதுக்குட்பட்டோருள் செய்தித்தாள், பால் வினியோகிப்போர், சாலையோர வணிகர், ஆட்டோ ஓட்டுநர், பேருந்துப் பணியாளர், மின்வாரியப் பணியாளர் முதலியோருக்கு முன்னுரிமை அளித்தது.

சட்டமும் இழப்பீடும்

• காப்பீடு: நலப் பணியாளர் கோவிட்-19 பணியால் இறந்தால் குடும்பத்துக்கு 50 இலட்சம் ரூபாய் வழங்கும் நடுவண் அரசுத் திட்டம் 2020 மார்ச் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. கோவிட் பணிக்கு எடுக்கப்பட்ட ஒப்பந்தப் பணியாளரும் இதில் அடங்கினர். பேருந்து நடத்துநர், கடைப் பணியாளர் முதலியோர் அடங்கவில்லை.
• தாக்குதல் தடுப்பு: நலப் பணியாளரைத் தாக்குவோருக்கு மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டம் 2020 ஏப்ரல் 22 அன்று பிறப்பிக்கப்பட்டது. கொடுங்காயம் விளைவித்தால் தண்டனை ஏழு ஆண்டு வரை செல்லும்.
• இறுதிச் சடங்கு: சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் தடுத்த நிகழ்வை அடுத்து, அவ்வாறு தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கும் அவசரச் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2020 ஏப்ரலில் கொண்டுவந்தது.
• ஈ.எஸ்.ஐ. உதவி: தொற்றால் இறந்த காப்பீட்டாளரின் குடும்பத்துக்கு, அவரது சராசரி நாள் ஊதியத்தில் 90 விழுக்காடு வழங்கும் திட்டம் 2021 இல் அறிவிக்கப்பட்டது. தொற்று பணியிடத்தில்தான் ஏற்பட்டது என மெய்ப்பிக்க வேண்டாம் என்பது இதன் சிறப்பு. ஆயினும் ஈ.எஸ்.ஐ.யில் பதிவு பெறாதோருக்கு இது கிட்டவில்லை.

மெய்ப்பிக்கும் சுமையே பிற வழிகளில் பெருந்தடையாக இருந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1923 ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், மருத்துவமனை, ஆய்வகப் பணிகளிலும் தொற்று வாய்ப்பு மிகுந்த பிற பணிகளிலும் ஏற்படும் தொற்றுநோய்களைத் தொழில்சார் நோயாக ஏற்றது. ஆனால் ஊரெங்கும் நோய் பரவியிருக்கும்போது, கடைக்காரருக்கோ ஓட்டுநருக்கோ அது எங்கே தொற்றியது எனக் காட்டுவது ஏறத்தாழ இயலாத செயல். ஊசி குத்தியதால் ஏற்படும் எச்.ஐ.வி. தொற்றில் தொற்றிய இடத்தையும் வேளையையும் ஓரளவு ஊகிக்கலாம். பெருந்தொற்றில் அதுவும் இல்லை.

பின்னர்

உலக சுகாதார அமைப்பு 2023 மே 5 அன்று கோவிட்-19 அவசரநிலை முடிவுற்றதாக அறிவித்தது. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒன்றிணைத்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2020 இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையில் காசநோய் சிகிச்சை இன்றும் தொடர்கிறது. பெருந்தொற்று முடிந்தாலும் காற்றுவழி நோய் முடிவதில்லை. ஆதலால் திறந்த சன்னலும், ஊதியத்தோடு கூடிய நோய் விடுப்பும், பொருந்தும் முகக்கவசமும் அங்குப் பணிபுரிவோருக்கு அன்றாடத் தேவைகளாகவே இருந்து வருகின்றன.