தோளேறிய சின்ன எண்

2³ × 2⁴ = 2⁷. அடிமானம் ஒன்றானால் அடுக்குகளைக் கூட்டு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். மூன்று இரண்டுகளோடு நான்கு இரண்டுகள் சேர்ந்தால் ஏழு இரண்டுகள். இதை விதி என்பதே கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இந்த விதி தோன்றி, அந்தச் சின்ன எண் பெரிய எண்ணின் தோளில் ஏறி உட்கார 1,800 ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

கி.மு. 3ஆம் நூற்றாண்டு, சிரக்கூஸ் நகரம். அண்டத்தை நிரப்ப எத்தனை மணல்துகள்கள் வேண்டும் என்று அரசர் கெலோனுக்குக் கணக்கு எழுதினார் ஆர்க்கிமிடீஸ். இன்றைய குறியீட்டில் விடை 10⁶³-க்குள் அடங்குகிறது. பத்தாயிரத்துக்கு மேல் தனிப்பெயர் இல்லாத கிரேக்க எண்களோடு மல்லுக்கட்டாமல், 1, 10, 100 என வரிசையாக நிறுத்தி இடங்களைக் கூட்டினார். 1-ஐ முதலாம் இடமாக எண்ணியதால் கூட்டியபின் ஒன்றைக் கழிக்க வேண்டியிருந்தது: 100 மூன்றாமிடம், 1,000 நான்காமிடம், பெருக்கினால் ஆறாமிடம். 1-க்குப் பூஜ்ஜியத்தைத் தந்திருந்தால் கழிக்கும் வேலையே இல்லை. அவரிடம் பூஜ்ஜியம் ஏது?

12ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தின் அல்-சமாவல், பத்தொன்பது வயதில், 1-ஐ நடுவில் வைத்து ஒருபக்கம் அடுக்குகளும் மறுபக்கம் அவற்றின் தலைகீழிகளுமாக அட்டவணை போட்டார். பெருக்கல், கட்டங்களை எண்ணி நகர்வதாகிவிட்டது.

1484இல் பிரான்சின் லியோன் நகரில் நிக்கோலா ஷூக்கே ஒரு கையெழுத்துப் பிரதியை முடித்தார். எண்ணுக்கு மேலே அடுக்கு, பூஜ்ஜிய அடுக்கு, எதிர்மறை அடுக்கு எல்லாம் அதில் இருந்தன. அச்சேறவில்லை. பிரதி எத்தியென் தெ லா ரோஷ் கைக்குப் போனது; 1520இல் அவர் வெளியிட்ட கணித நூலில் ஷூக்கேயின் பக்கங்கள் பல அப்படியே இருந்தன. காப்பியடித்தவர் முழுதாகவாவது அடித்திருக்கலாம்! அல்ஜீப்ராவின் அருமையான பகுதிகளைக் கைவிட்டுவிட்டார். மூலம் அச்சானது 1880இல். அதற்குள் எல்லாரும் அதை வேறு வழியில் கண்டுபிடித்து முடித்திருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஜெர்மானியப் பாதிரியார் மிகேல் ஷ்டீஃபெல். 1533இல் உலகம் அழியும் என்று கணக்குப் போட்டு மாட்டிக்கொண்டவர். 1544இல் போட்ட கணக்கு தப்பவில்லை: 1/8, 1/4, 1/2, 1, 2, 4 என்ற வரிசைக்கு மேல் −3, −2, −1, 0, 1, 2 என எழுதினார். 2⁰ ஏன் 1 என்று கேட்பவருக்கு அந்த இரண்டு வரிகளே போதும். ஒரு படி இறங்கினால் பாதி. 2-க்குக் கீழே 1-தானே வரும்!

1636இல் பாரிஸில் ஜேம்ஸ் ஹ்யூம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ரோமன் எண்களை மேலே தூக்கி வைத்தார். அடுத்த ஆண்டே டெக்கார்ட் அவற்றைச் சாதாரண எண்களாக்கினார். வர்க்கத்துக்கு மட்டும் எழுத்தை இரட்டையாக எழுதும் பழக்கம் அவரை விடவில்லை. பின்ன அடுக்கை நியூட்டன் 1676இல் கடிதத்தில் எழுதிப் பரப்பினார்.

1957இல் ஃபோர்ட்ரான் கணினிமொழி வந்தபோது, துளையட்டையில் எண்ணை மேலே தூக்க வழியில்லை. இரண்டு நட்சத்திரங்களைப் போட்டு 2**3 என்று எழுதினார்கள். சின்ன எண் மறுபடி தரைக்கு வந்தது.