ராமனோடு வந்த இன்னொரு பெயர்

பொருளுக்கும் அலைக்குணம் உண்டு என்று 1924-ல் பாரிஸில் ஆய்வேடு எழுதியவரை இங்கிலீஷில் படித்தவர்கள் 'டி பிராக்லி' என்பார்கள். புதுச்சேரியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 'துப்ரோய்' என்பார்.

அப்படியானால் அணுவும் அலையைப் போலப் பிரியுமா? இதைப் படிக்கப்போனால் நம்மவர் பெயர் எதிரே வருகிறது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனும் நாகேந்திர நாத் என்ற இளைஞரும் 1935, 36-ல் பெங்களூரில் ஒரு கணக்குப் போட்டார்கள். திரவத்துக்குள் ஒலி செல்லும்போது நெருக்கமும் நெகிழ்வும் மாறி மாறி வரும், எங்கள் சுருளிப்பட்டித் திராட்சைப் பந்தல் கம்பிகளைப் போல வரிசையாக. அதில் நுழையும் ஒளி பல கதிர்களாகப் பிரிந்துவிடும்.

ஐம்பது வருஷம் கழித்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிரிட்சார்ட் குழுவினர் அதைத் தலைகீழாக்கினார்கள். லேசரைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பவிட்டு, ஒளியையே பந்தலாக்கி, சோடியம் அணுக்களை அதன் ஊடே அனுப்பினார்கள். அணுக்கள் அலைபோலவே பிரிந்து விழுந்தன. அந்த ஒளிப்பந்தல் மெல்லியதாக இருந்தால் அதற்கு 'ராமன்–நாத்' நிலை என்றே இன்றும் பெயர்.

காலேஜில் இயற்பியல் படிக்கும் பேரனிடம் பெருமையாகச் சொன்னேன். "ராமநாதனா தாத்தா? யார் அவர்?" என்றான்.