கவர்னர் வீட்டுத் தோட்டம் காடாக நின்ற கதை

போன மாதம் மகளைக் கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற புள்ளிமானைக் காட்டி, "அப்பா, இந்தக் காட்டை யாரு இங்க கொண்டாந்து வெச்சா?" என்று கேட்டாள். "யாரும் வெக்கலம்மா, காடு முதல்லேர்ந்தே இருக்கு, ஊருதான் அப்புறம் வந்தது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்த பிறகுதான் என் பதில் பாதிதான் சரி என்று புரிந்தது.

சர்தார் படேல் சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் கல்லூரியில்தான் நான் நாலு வருஷம் பி.இ. படித்தேன். அந்த நாலு வருஷமும் தினம் பார்த்த மரங்கள் இவை. ஒரு நாள்கூட இது என்ன காடு என்று யோசித்ததில்லை.

இந்தக் காட்டின் வகைக்குப் பெயர் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்தில் பரவிக் கிடந்து, இன்று கோயில் காடுகளிலும் சில துண்டு நிலங்களிலும் மட்டும் மிஞ்சியிருப்பது. களா, காரை, சூரை என்று முள்ளும் புதருமாக இருக்கும். பார்க்கப் பிரமாதமாக ஒன்றும் இருக்காது. அதனாலேயே, வெட்டினால் கேட்க ஆளில்லாத காடு.

அப்படியானால் கிண்டியில் மட்டும் எப்படித் தப்பியது? காரணம் கவர்னர். 1821-இல் கம்பெனி அரசு இந்த நிலத்தை 35,000 ரூபாய்க்கு விலைக்கு வாங்கியது. கவர்னரின் ஓய்வு மாளிகையைச் சுற்றி வேட்டைக்கும் உலாவுக்குமான வனமாக அது இருந்தது. 1910-இல் சுமார் 500 ஹெக்டேர் காப்புக்காடானது. சுற்றிலும் ஊர் வளர்ந்தபோதும் யாரும் உள்ளே கை வைக்கவில்லை. இயற்கை மேல் பாசம் என்று சொல்ல முடியாது. துரை வீட்டுக் காம்பவுண்டுக்குள் போக யாருக்குத் துணிச்சல் வரும்!

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த மாளிகையே ராஜ்பவன் ஆனது. காடு கரைய ஆரம்பித்ததும் அந்தக் காலத்தில்தான். 1956-இல் காந்தி மண்டபம் வந்தது. 1958-இல் ஒரு பெரும்பகுதி ஐ.ஐ.டி.க்குக் கொடுக்கப்பட்டது. பிறகு ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள். 1978-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர், பழைய காட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று.

இதில் யாரைக் குறை சொல்வது? கல்லூரி வேண்டாம் என்பேனா? அப்படிப்பட்ட படிப்பில்தானே நானும் சோறு சாப்பிடுகிறேன்!

உள்ளே 'போலோ மைதானம்' என்று ஒரு புல்வெளி உண்டு. பேரே சொல்கிறது, துரைமார் குதிரை ஏறிப் பந்தாடிய இடம். கிண்டியின் வெளிமான்கள் அதிகம் மேய்வது அங்கேதான். வெளிமானுக்குப் புதர்க்காடு ஆகாது, திறந்த வெளி வேண்டும். தமிழ்ப் பெயரிலேயே அது இருக்கிறது பாருங்கள். அந்தப் புல்வெளியைப் புதர் மூடிவிட்டால் மானுக்கு இடமில்லை. ஆக, மனுஷன் கை படாத காடு என்று நான் நினைத்திருந்ததில் ஒரு பகுதி, மனுஷன் விளையாடிய இடம்.

காம்பவுண்டு சுவர் இல்லாத இடத்துக்கு என்ன ஆகும் என்று பார்க்க நான் ரொம்ப தூரம் போக வேண்டாம். ஓ.எம்.ஆரில் இருக்கும் என் ஆபீசுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணை. வெள்ளநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சதுப்பு நிலம். அரசு ஆவணத்தில் அது வெறும் தரிசு. எனவே ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, மறுபக்கம் எங்களைப் போன்றவர்களின் கட்டடங்கள். 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடானது, 2022-இல் ராம்சார் தகுதியும் கிடைத்தது. ஆனால் அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு நிலத்தைக் காப்பாற்றியதில் அதன் அருமையைவிட, அதற்கு நாம் வைத்த பெயருக்குப் பங்கு அதிகம். கவர்னர் தோட்டம் என்ற பெயர் கிண்டியைக் காத்தது. தரிசு என்ற பெயர் பள்ளிக்கரணையைத் தின்றது.

மகளுக்கு இப்போது பதிலைத் திருத்திச் சொல்லியிருக்கிறேன்: "காடு முதல்லேர்ந்தே இருந்ததும்மா. ஆனா ஒரு சுவரு இருந்ததாலதான் நாம பாக்கறதுக்கு மிச்சமிருக்கு." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப சுவரு இல்லாத காட்டை யாருப்பா பாத்துப்பா?"

இன்னும் பதில் சொல்லவில்லை.