ரவுட்டர் இணைப்புகளுக்கான ஐ.பி. முகவரி

இரண்டு ரவுட்டர்களை நேரடியாகப் பிணைக்கும் தடத்தின் இரு முனைகளுக்கும் ஐ.பி. முகவரி வழங்கும் முறை. இத்தடத்தில் பயனரின் கணினியோ சர்வரோ இருப்பதில்லை. தேவைப்படுவது இரண்டே முகவரிகள். அந்த இரண்டை எவ்வளவு பெரிய தொகுதியிலிருந்து எடுப்பது, அல்லது முகவரியே இல்லாமல் விட்டுவிடலாமா என்பதே நெடுங்காலமாக நடந்துவரும் விவாதம்.

ஆர்ப்பாநெட் காலத்தில் இக்கேள்வி எழவில்லை. அதன் பொதி மாற்றும் பொறிகளை இணைத்த தடங்கள் ஐ.பி.க்கு அடியில் இயங்கின, ஐ.பி.யின் கண்ணுக்கு அவை தெரியவே இல்லை. ஆர்.எஃப்.சி. எனும் இணைய ஆவண வரிசையில் 1981 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 791 முகவரிகளை ஏ, பி, சி என வகுத்தபோது, மிகச் சிறிய சி வகுப்பு வலையமைப்பிலேயே 256 முகவரிகள் இருந்தன. 1985இல் ஜெஃப்ரி மோகுலும் ஜான் போஸ்டலும் எழுதிய ஆர்.எஃப்.சி. 950, ஒரு வலையமைப்பைச் சப்நெட்களாகப் பிரிக்க வழிசெய்தது. ஆனால் அன்று பரவலாக இருந்த ரிப் என்னும் வழித்தட நெறிமுறை தன் அறிவிப்புகளில் சப்நெட் மாஸ்க்கை அனுப்பவில்லை. எனவே ஒரு வலையமைப்புக்குள் எல்லாச் சப்நெட்களும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். அலுவலக ஈதர்நெட்டுக்கு 256 முகவரிகள் கொண்ட /24 ஒதுக்கினால், இரு ஊர்களுக்கு இடையிலான லீஸ்டு லைனுக்கும் அதே /24தான். இருவர் தங்க 254 அறைகள் கொண்ட சத்திரத்தை எழுதிவைத்தது போல. பிற்காலத்தில் பேசப்பட்ட முகவரிப் பஞ்சத்துக்கு ரிப்பின் இந்தச் சிறு குறையும் தன் பங்கைச் செலுத்தியது.

இந்த விரயத்துக்கு முதலில் கிடைத்த மருந்து சற்று முரட்டுத்தனமானது: இணைப்புக்கு முகவரியே தராமல் விடுவது. ரவுட்டர் தன் வேறோர் இடைமுகத்தின் முகவரியை இத்தடத்துக்கு இரவல் வாங்கிக்கொள்ளும். 1995இன் ஆர்.எஃப்.சி. 1812 இதை விளக்கும்போது, இரு முனை ரவுட்டர்களையும் சேர்த்து ஒரே மெய்நிகர் ரவுட்டரின் இரு பாதிகளாகக் கொள்கிறது. முகவரி ஒன்றுகூடச் செலவாகாது. ஆனால் பழுது பார்ப்பவருக்குத்தான் சிரமம். முனையைத் தனியே பிங் செய்ய முடியாது. இரு ரவுட்டர்களுக்கு இடையே நான்கு தடங்கள் இருந்தால், பொதி எந்தத் தடத்தில் போனது என்பதை டிரேஸ்ரூட் காட்டாது. இரவல் கொடுத்த ஈதர்நெட் விழுந்தால் முகவரியும் போய்விடும் என்பதால், ஒருபோதும் விழாத லூப்பேக்கிலிருந்து இரவல் வாங்குவது வழக்கமாயிற்று.

ஓ.எஸ்.பி.எஃப். போன்ற நெறிமுறைகள் மாஸ்க்கையும் சுமந்து சென்றதும், ஒரே வலையமைப்பில் வெவ்வேறு அளவுச் சப்நெட்கள் இயல்வதாயின. இணைப்புகளுக்கு /30 நிலைபெற்றது: நான்கு முகவரிகள், அவற்றில் இரண்டு பயன்படுபவை, ஒன்று வலையமைப்புக்கு, ஒன்று பிராட்காஸ்ட்டுக்கு. இரண்டே பேர் இருக்கும் இடத்தில் பிராட்காஸ்ட் எதற்கு? 2000 டிசம்பரின் ஆர்.எஃப்.சி. 3021 வலையமைப்பு, பிராட்காஸ்ட் முகவரிகள் இரண்டையும் நீக்கி, /31இன் இரு முகவரிகளையும் முனைகளுக்கே கொடுத்தது. 500 இணைப்புகள் கொண்ட வலையமைப்பில் இதனால் மிச்சமாவது 1,000 முகவரிகள். அதோடு, பிராட்காஸ்ட் முகவரியைக் குறிவைக்கும் தாக்குதலுக்கும் அத்தடத்தில் இடமில்லாமல் போனது.

ஆர்.எஃப்.சி. 1918 ஒதுக்கிய தனிப்பயன் முகவரிகளை இணைப்புகளில் இடுவோரும் உண்டு. பொது இணையத்தின் முதுகெலும்பில் இது தவறான சிக்கனம். அத்தகைய முகவரியிலிருந்து கிளம்பும் ஐ.சி.எம்.பி. பிழைச் செய்திகளை வழியிலுள்ள வடிகட்டிகள் கைவிடக்கூடும். பொதியின் பெரும அளவை அறியும் முறை அதனால் கெடும். 2012இன் ஆர்.எஃப்.சி. 6752 இச்சிக்கல்களை விரிவாகப் பேசுகிறது.

இதுவரை பேசிய நான்காம் பதிப்பை அடுத்து ஐ.பி. ஆறாம் பதிப்பு வந்தபோது பஞ்சம் தீர்ந்தது, வழக்கு தீரவில்லை. எல்லாச் சப்நெட்டும் /64 என்பது பொது விதி. சிக்கனத்துக்குப் பழகிய கைகள் /127ஐ நாடின. 2003இல் ஆர்.எஃப்.சி. 3627 அது தீங்கானது என்றது: சப்நெட்டின் முதல் முகவரி எந்த ரவுட்டருக்கும் பொதுவான எனிகாஸ்ட் முகவரி என்பதால், /127இல் ஒரு முனையின் முகவரியோடு அது மோதும். மறுபக்கம், /64இன் தாராளமே ஆபத்தாக முடிந்தது. ஈதர்நெட் தடத்தில் இல்லாத முகவரிகளுக்குப் பொதிகளை அனுப்பிக்கொண்டே இருந்தால், அண்டைப் பொறிகளைத் தேடித்தேடி ரவுட்டரின் நினைவுப் பட்டியல் நிரம்பிவிடும். அண்டைத் தேடல் இல்லாத ஆப்டிகல் தடங்களில், அத்தகைய பொதி ஆயுள் தீரும்வரை இரு முனைகளுக்கும் இடையே பந்துபோல எகிறும். 2011 ஏப்ரலின் ஆர்.எஃப்.சி. 6164 இவற்றைக் காட்டி, ரவுட்டர்கள் /127ஐ ஏற்க வேண்டும், அங்கே எனிகாஸ்ட்டை முடக்க வேண்டும் என்று முடிவுகட்டியது. மறு ஆண்டே 3627 வரலாற்று ஆவணமாக ஒதுக்கப்பட்டது. நான்காம் பதிப்பில் பஞ்சம் சுருக்கியதை ஆறாம் பதிப்பில் பாதுகாப்பு சுருக்கியது.

திட்டத்தில் இணைப்புக்கொரு /64ஐ ஒதுக்கிவைத்து, ரவுட்டரில் /127ஐ மட்டும் இடுவது இன்று பலர் கைக்கொள்ளும் முறை. தடத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும் லிங்க்-லோக்கல் முகவரியோடு நிறுத்திக்கொள்வதன் நன்மை தீமைகளை 2014இன் ஆர்.எஃப்.சி. 7404 எடைபோடுகிறது. ரவுட்டிங் பட்டியல் சிறுக்கும், வெளியிலிருந்து தாக்க முகவரி இராது. ஆனால் பிங்கும் டிரேஸ்ரூட்டும் மீண்டும் குருடாகும். முகவரியற்ற பழைய இணைப்பின் குறை இங்கும் தொடர்கிறது.

நான்காம் பதிப்பின் வழித்தடங்களை ஆறாம் பதிப்பு முகவரி வழியாக அறிவிக்க பி.ஜி.பி. என்னும் வழித்தட நெறிமுறைக்கு 2009இன் ஆர்.எஃப்.சி. 5549 வழிசெய்தது, 2020இல் ஆர்.எஃப்.சி. 8950 அதன் இடத்தைப் பிடித்தது. இம்முறையைக் கையாளும் தரவு மையங்களில் ரவுட்டர் இணைப்புகளுக்கு நான்காம் பதிப்பு முகவரி ஒன்றுகூடத் தேவையில்லை.