ஆண்டறியாப் பாவலர்: கொங்கு நாட்டுச் சித்தர் மரபு

போத்தனூருக்கு வடமேற்கே, கோவை மாநகரைக் கடந்து சென்றால் எதிர்ப்படுவது மருதமலை. முருகன் கோயில் கொண்ட அம்மலையில் ஒரு குகை உண்டு. பாம்பாட்டிச் சித்தர் தவம் புரிந்த இடம் அஃது என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. காங்கேயம் - தாராபுரம் வழியிலுள்ள ஊதியூர் மலை கொங்கணருக்கும், பழனி போகருக்கும், கரூர் கருவூராருக்கும் உரியனவாகப் போற்றப்படுகின்றன. இங்ஙனம் கொங்கு நாட்டுக் குன்றுகளில் சித்தர் பெயர்கள் நிலைத்திருந்தும், அவர்கள் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் உறுதிப்படவில்லை. வரலாற்று ஆர்வலர்க்கு இது பெருங்குறை. ஆயினும், சித்தர் வாழ்ந்த வாழ்வின் இயல்பை உணர்த்தும் முதற் சான்றும் அக்குறையே ஆகும்.

அரசவையும் ஆண்டும்

பழங்காலப் புலவர் ஒருவரின் காலம் நமக்குத் தெரியவருவது பெரும்பாலும் அரசரை வைத்தே. கொங்கு நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. கருவூர்த்தேவர் பாடிய பத்துப் பதிகங்கள் ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. முதலாம் இராசராசன் 1010இல் நிறைவுசெய்த தஞ்சைப் பெருங்கோயிலையும், அவன் மைந்தன் இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழேச்சரத்தையும் அவர் பாடியுள்ளார். எனவே அவர் வாழ்ந்த காலத்தை 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி வைக்க முடிகின்றது. அவரும் ஊரார் ஒப்பிய ஒழுக்கத்தில் அடங்கியவர் அல்லர் என்றே கதைகள் கூறும். ஊனும் கள்ளும் உண்பவர் என வைதிகர் அவர்மீது பழி சுமத்தினர் என்பது அவற்றுள் ஒன்று. சித்தர் வரிசையில் எண்ணப்படும் கருவூராரும் இவரும் ஒருவரே என்பாரும், வேறு வேறு என்பாரும் உளர்.

அரசரால் காலம் தெரியவருவது பரிசில் வழியாக மட்டுமன்று. தண்டனை வழியாகவும் வருவதுண்டு. சித்தரோடு ஒப்பிடத்தக்க சீன நாட்டு அறிஞர் சிலரின் வரலாறு இதனைக் காட்டும். கி.பி. 3ஆம் நூற்றாண்டில், வெய் அரசின் இறுதிக்காலத்தில், சீமா குடியினர் ஆட்சியைக் கைப்பற்றி வந்தனர். அக்காலத்தே சடங்கையும் பதவியையும் புறக்கணித்து வாழ்ந்தவராகச் சொல்லப்படுவோர் 'மூங்கில் தோப்பின் எழுவர்'. அவருள் ருவான் சீ, சீமா குடியோடு மணவுறவு கொள்வதைத் தவிர்க்க அறுபது நாள் மதுமயக்கத்திலேயே கிடந்தாராம். லியூ லிங், தாம் விழுந்த இடத்திலேயே புதைக்குமாறு சொல்லி, மண்வெட்டியுடன் ஓர் ஏவலனை உடன் அழைத்துத் திரிந்தாராம். யாழ் வல்லவரும் சிந்தனையாளருமாகிய சீ காங் இரும்படித்து வாழ்ந்தார். பதவிக்குத் தம்மைப் பரிந்துரைத்த நண்பருக்கு நட்பு முறிக்கும் மடல் ஒன்று எழுதினார். ஏறத்தாழ 262ஆம் ஆண்டில் அவர் கொலைத்தண்டனைக்கு உள்ளானார். எழுவருள் வேறு சிலரோ பின்னாளில் உயர்பதவி ஏற்றனர். ஆதலின் அவர்தம் வாழ்வு நாட்டு வரலாற்றில் பதிவாயிற்று.

பாட்டின் வடிவே வாழ்வின் வடிவு

நம் சித்தர்களோ பரிசில் வாழ்விலும் இல்லை. அரசத் தண்டனைப் பதிவுகளிலும் இல்லை. சீனத்து எழுவர் கற்றோர் குடியிற் பிறந்து, கற்றோர் மொழியிலேயே மரபை மறுத்தவர்கள். சித்தர்களோ பாட்டின் வடிவத்தையே தெருவிலிருந்து எடுத்துக்கொண்டனர். பாம்பாட்டிச் சித்தர் பாம்பாட்டியின் குரலிற் பாடுகிறார்; இடைக்காட்டுச் சித்தர் ஆயர் குரலில் கோனாரை அழைக்கிறார்; குதம்பைச் சித்தர் குதம்பை என்னும் காதணி அணிந்த பெண்ணை விளிக்கிறார்; அகப்பேய்ச் சித்தர் தம் மனத்தையே பேயென அழைத்து அறிவுரை கூறுகிறார். அரசனை முன்னிலைப்படுத்திப் பாடுவது அவைப்புலவர் வழக்கம். ஆடு மேய்ப்பவனையும் பாம்பையும் முன்னிலைப்படுத்தியபோதே சித்தர்கள் தாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டனர்.

சிவவாக்கியரின் வினாக்கள் இன்னும் கூர்மையானவை. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்போரை நோக்கி, அதற்கு உடலில் எங்கே அடையாளம் என்று அவர் கேட்கிறார். வழிபடும் கல்லையும் ஓதும் மறையையும் அவ்வாறே வினவுகிறார். திருமூலரின் திருமந்திரம் பத்தாம் திருமுறையாக ஏற்கப்பட்டது. சிவவாக்கியர் பாடல்கள் திருமுறைக்குள் இடம்பெறவில்லை. பாடுவோர் வாயிலும் ஏட்டிலும் வாழ்ந்து, அச்சுக்காலத்தில் 'பெரிய ஞானக்கோவை' முதலிய தொகுப்புகளில் அவை இடம்பெற்றன.

இவ்வாழ்வுக்கு விலையும் உண்டு. காவலின்றி வழங்கிய பாடல்களில் பிறர் பாடல்கள் கலந்தன. பிற்காலத்தார் பலர் பழைய பெயர்களிலேயே பாடினர். இன்று சித்தர் பெயரில் வழங்குவனவற்றுட் பல, மொழிநடையால் நோக்கின், மிகப் பிற்பட்டவை என்பது ஆய்வாளர் கருத்து. இவற்றில் குறையும் இல்லாமல் இல்லை. சாதி வேற்றுமையைச் சாடிய நாவே பெண்ணுடலை இழித்துரைக்கவும் செய்தது. போற்றுவோர் இதனையும் மறைக்கலாகாது.

கண்டு சொன்ன ஒருவர்

ஆண்டறிந்த காலத்தில் அத்தகைய ஒருவரைக் கண்டு பாடிவைத்தவர் பாரதியார். 1908 முதல் 1918 வரை அவர் புதுவையில் வாழ்ந்தபோது பழகியவர் குள்ளச்சாமி. அழுக்கு மூட்டை ஒன்றைச் சுமந்து வந்த அவரைப் பார்த்துப் பாரதியார் நகைத்துக் காரணம் கேட்கிறார். தாம் வெளியே சுமப்பதைப் பாரதியார் உள்ளே சுமப்பதாக விடை வருகிறது. 'பாரதி அறுபத்தாறு' சொல்லும் இந்நிகழ்ச்சியில் மாயம் ஏதுமில்லை. ஒரு கந்தை மூட்டையும் ஒரு விடையுமே உள்ளன. தம்மையும் சித்தருள் ஒருவராக அந்நூலின் தொடக்கத்திலேயே பாரதியார் எண்ணிக்கொண்டது கருதத்தக்கது.

ஆனால் பொதுமக்கள் நினைவில் சித்தர் என்றதும் முன்நிற்பவை இரசவாதமும், கூடுவிட்டுக் கூடு பாய்தலும், வான்வழிச் செலவுமே. போகர் சீனத்திலிருந்து வந்தாரா, இங்கிருந்து சீனத்துக்குச் சென்றாரா என்று வாதிடுவோர், அவர் பெயரிலுள்ள பாடல்களைப் படிப்பது அரிது. கல்லை வினவியவர்க்கே கற்சிலை வைத்தாயிற்று. சிலை வைத்தபின் அவர்தம் வினாவிற்கு விடை சொல்லும் கடமை தீர்ந்துவிட்டதாகப் பலரும் கருதுகின்றனர்.

1971இல் கோவையில் தோன்றிய வானம்பாடி ஏடு, தன்னை விலையிலாக் கவிமடல் என்று அழைத்துக்கொண்டது. விலைக்கு அடங்காத சொல்லின்மேல் கொங்கு மண்ணுக்குள்ள பற்று புதிதன்று. அதற்குப் பழைய முன்னோர் உளர். மருதமலைக் குகைக்குச் செல்வோர் விளக்கேற்றித் திரும்புகின்றனர். பாவலர்க்கு அங்கே வேறொரு கடமையும் உண்டு. பாம்பை நோக்கிப் பாடிய அப்பாடல்களை அவர்கள் ஒருமுறையேனும் முழுமையாக ஓதிப் பார்த்தல் வேண்டும்.