திவிசீமை சொல்லும் பாடம்



ஐப்பசி, கார்த்திகை பிறந்தாலே கடலோரத்து விவசாயிக்கு வானத்தின் மேல் ஒரு கண் இருக்கும். வாழை சாயுமே, தென்னை முறியுமே, கூரை பறக்குமே என்றுதான் கவலைப்படுவோம். ஆனால் கடலோரத்தில் உயிர்களை அதிகமாகக் கொண்டுபோவது காற்று இல்லீங்க. காற்று தள்ளிக்கொண்டு வருகிற கடல். ஆந்திராவின் திவிசீமைக்கு நடந்ததைக் கேட்டால் இது விளங்கும்.

கிருஷ்ணா ஆறு கடலில் சேருமுன் இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டு கிளைக்கும் நடுவில் கிடக்கிற தாழ்வான நெல்வயல் பூமிதான் திவிசீமை. 1977-ஆம் வருஷம் நவம்பர் 12-ஆம் தேதி நம்ம நாகப்பட்டினத்தை ஒரு புயல் தாக்கியது. சரியாக ஒரு வாரம் கழித்து, 19-ஆம் தேதி சனிக்கிழமை, அதைவிடப் பெரிய புயல் ஆந்திராவில் சீராலா பக்கம் கரையேறியது. திவிசீமை அதற்கு வடகிழக்கே இருக்கிறது. ஆனால் பேரழிவு அங்கேதான். ஏன்?

நம்ம பக்கத்துப் புயல், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அது கரையைப் பார்த்து வரும்போது அதன் வலது கைப்பக்கம் காற்று கடலைக் கரைமேல் தள்ளும். இடது பக்கம் கடலுக்குள் தள்ளும். திவிசீமை வலது பக்கத்தில் மாட்டிக்கொண்டது. கடலோ அங்கே ஆழம் குறைவு. தள்ளப்பட்ட தண்ணீருக்குக் கீழே போக வழியில்லை, மேலே எழும்பியது. ஏறக்குறைய 5 மீட்டர், அதாவது 16 அடி! குடிசையின் முகட்டுக்கும் மேலே. பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே புகுந்தது.

சுமார் 10,000 பேர் மாண்டார்கள். ஏராளமான கால்நடைகள் போயின. அறுவடையை எதிர்பார்த்து நின்ற நெல் உப்புத் தண்ணீரில் மூழ்கியது. எச்சரிக்கை வராமல் இல்லை. ஆனால் கடைசிக் குடிசை வரைக்கும் அது போய்ச் சேரவில்லை; கடல் இவ்வளவு தூரம் வரும் என்று யாரும் எண்ணவும் இல்லை. இத்தனைக்கும் 1864-லேயே பக்கத்து மசூலிப்பட்டினத்தில் இதே மாதிரி கடல் பொங்கி சுமார் 30,000 பேரைக் கொண்டுபோயிருக்கிறது. நூறு வருஷத்தில் ஊர் அதை மறந்துவிட்டது.

அதற்கப்புறம் என்ன செய்தார்கள்? கடலோரக் கிராமங்களில் கெட்டியான புயல் காப்பகங்கள் கட்டினார்கள். செயற்கைக்கோள், ரேடார் மூலம் புயலைக் கவனித்து முன்கூட்டியே சொல்ல ஏற்பாடு வந்தது. 1990 மே 9-ஆம் தேதி அதே கிருஷ்ணா முகத்துவாரத்தை இன்னொரு கடும்புயல் தாக்கியது. 1977 புயலுக்குச் சளைத்தது இல்லை. ஆனால் லட்சக்கணக்கான ஜனங்களை முன்னாடியே மேட்டுப் பக்கம் கொண்டுபோயிருந்தார்கள். இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. அதுவும் பெரிய துக்கம்தான். ஆனாலும் பத்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது பாருங்க. பயிரும் சொத்தும் அப்போதும் போயின, உயிர் பிழைத்தது.

ஆகவே, "இந்த நெல்லை விட்டுட்டு எப்படிப் போறது?" என்று நினைக்காதீங்க. உப்பு ஏறின நிலத்தில் நல்ல தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடித்தால் மண் மறுபடி தேறும். மாட்டை ஓட்டிக்கொண்டு போக முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்க. கட்டுத்தறியில் நிற்கிற மாட்டுக்குத் தப்ப வழியே இல்லை. உங்க ஊரில் மேடான இடம் எது, கெட்டியான கட்டடம் எது என்று மழைக்கு முன்பே பார்த்து வையுங்க. முக்கியமாக, புயல் வேறு ஊரில்தானே கரையேறுகிறது என்று அசந்து இருக்காதீங்க. சீராலாவில் கரையேறிய புயல்தான் திவிசீமையை அழித்தது.